விசுவாசத்துக்கு இரண்டு தராசு

கெவின் டுரான்ட் அணி மாறியபோது அமெரிக்க விளையாட்டு ஊடகங்கள் அவரைக் கோழை என்றன. ஆனால் அவர் மீறிய வாக்கு எது?

"கப்கேக்! கப்கேக்!" 2017 பிப்ரவரி 11 இரவு, அமெரிக்காவின் ஓக்லஹோமா சிட்டி கூடைப்பந்து அரங்கில் விடாமல் ஒலித்த கோஷம் இது. க்ரீம் தடவிய குட்டி கேக்கின் படம் போட்ட டி-ஷர்ட்டுகளோடு வந்திருந்தார்கள் ரசிகர்கள். அந்த ஊர் அணியான தண்டரின் வீரர்கள் 'சோப்ளாங்கி' என்ற பொருளில் தங்களுக்குள் கேலி பேசப் பயன்படுத்திய சொல் அது. கேலிக்கு இலக்கானவர் கெவின் டுரான்ட். எட்டு ஆண்டுகள் இதே அரங்கில் அவருக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்கள்தான் அன்று அவரை வசைபாடினார்கள். டுரான்ட் அசரவில்லை. 34 பாயின்ட்கள் எடுத்தார். அவருடைய புதிய அணியான கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 130-114 என்று வென்றது. ஆட்டம் முடிந்தது, வசை முடியவில்லை.

குற்றம் நிகழ்ந்தது அதற்கு ஏழு மாதம் முன்பு. 2016 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். ஓக்லஹோமாவை விட்டு வாரியர்ஸுக்குப் போவதாக டுரான்ட் ஒரு சிறு கட்டுரை எழுதி அறிவித்தார். அன்றே அவருடைய சக வீரர் ரஸல் வெஸ்ட்புரூக் இன்ஸ்டாகிராமில் கப்கேக் படம் ஒன்றைப் போட்டார். ரசிகர்கள் டுரான்டின் பனியன்களைக் கொளுத்தி வீடியோ எடுத்தார்கள். ஒரு சூப்பர் ஸ்டார் செய்து தான் பார்த்த காரியங்களிலேயே இதுதான் மிகவும் பலவீனமானது என்று இஎஸ்பிஎன் தொலைக்காட்சியில் பொரிந்து தள்ளினார் ஸ்டீபன் ஏ. ஸ்மித். ஏற்கெனவே பலமாக இருக்கும் அணியில் சொகுசாக ஒட்டிக்கொள்கிறார் என்ற ரீதியில் அங்கலாய்த்தார் சார்ல்ஸ் பார்க்லி.

கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த சீஸனில் வாரியர்ஸ் 82 ஆட்டங்களில் 73ஐ வென்று என்பிஏ சாதனை படைத்திருந்தது. டுரான்டின் தண்டர் அணி மேற்குப் பிரிவு இறுதிச் சுற்றில் இதே வாரியர்ஸை 3-1 என்று முந்தியிருந்தது. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் மூன்று ஆட்டங்களையும் கோட்டைவிட்டது. தோற்கடித்தவனோடு போய்ச் சேர்ந்துகொண்டால் போட்டிக்கு என்ன சுவாரசியம் இருக்கும்? பயந்தபடியேதான் ஆயிற்று. 2017 பிளே-ஆஃப் ஆட்டங்களில் வாரியர்ஸ் 16 வென்று ஒன்றில் மட்டுமே தோற்றது. அந்த ஆண்டும் 2018லும் பட்டம் அந்த அணிக்கே. இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருது இரண்டு முறையும் டுரான்டுக்கே.

இது ஆட்டத்தைப் பற்றிய விமர்சனம். இதோடு நின்றிருந்தால் யாருக்கும் ஆட்சேபம் இருந்திருக்காது. ஆனால் ஊடகங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு ஆளின் குணத்துக்கு மார்க் போட்டன. கோழை, விசுவாசமற்றவர், குறுக்கு வழிக்காரர். இங்கேதான் தராசு ஒரு பக்கம் சாய்கிறது.

டுரான்டின் தொழில் வாழ்க்கை ஓக்லஹோமாவில் ஆரம்பிக்கவே இல்லை. 2007ல் அவரைத் தேர்வு செய்தது சியாட்டில் சூப்பர்சானிக்ஸ். 1967லிருந்து அந்த ஊரில் ஆடிவந்த அணி. 1979ல் பட்டம் வென்ற அணி. 2006ல் ஓக்லஹோமா தொழிலதிபர்கள் குழு ஒன்று அதை வாங்கியது. அரங்கின் குத்தகை முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருந்தன. வழக்குக்குப் போன சியாட்டில் நகர நிர்வாகத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து சமரசம் பேசி, 2008ல் அணியையே பெயர்த்துக்கொண்டு ஊர் மாறினார்கள். 41 ஆண்டுக் கால உறவு ஒரு கையெழுத்தில் முடிந்தது. அணியோடு போனவர்களில் ஒருவர் 19 வயது டுரான்ட். அவரை யாரும் கேட்கவில்லை. ஆக, எந்த அணியை விட்டுப் போனதற்காக டுரான்ட் துரோகி ஆனாரோ, அந்த அணியே இன்னொரு ஊரை விட்டு வந்ததுதான்.

தண்டர் நிர்வாகம் மட்டும் விசுவாசத்துக்கு இலக்கணமா? 2012ல் டுரான்டும் வெஸ்ட்புரூக்கும் ஜேம்ஸ் ஹார்டனும் சேர்ந்து அணியை இறுதிச் சுற்று வரை கொண்டுபோனார்கள். அதே ஆண்டு அக்டோபரில், சம்பளப் பேச்சு படியவில்லை என்று ஹார்டனை ஹூஸ்டன் அணிக்குத் தள்ளிவிட்டது நிர்வாகம். 2018ல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருதை வாங்கினார் ஹார்டன். நிர்வாகத்தின் கணக்கு தப்பிவிட்டது என்று எழுதினார்கள். துரோகம் என்று எழுதியவர்களைத் தேடத்தான் வேண்டும். 2017 ஏப்ரலில் பாஸ்டன் வீரர் ஐசையா தாமஸின் தங்கை விபத்தில் இறந்தார். மறுநாளே அணிக்காகக் களம் இறங்கினார் தாமஸ். நான்கு மாதம் கழித்து அவரை கிளீவ்லண்டுக்குக் கொடுத்துவிட்டது பாஸ்டன். பரிதாபப்பட்டவர்கள் உண்டு. ஆனாலும் பெரும்பாலான அலசல் இந்தக் கைமாற்றில் எந்த அணிக்கு லாபம் என்பதைப் பற்றித்தான்.

அணி ஆளை மாற்றினால் வியாபாரம். ஆள் அணியை மாற்றினால் துரோகம்.

இதில் ஊடகங்கள் சௌகரியமாக மறந்துவிடும் ஒரு கணக்கும் உண்டு. ஒன்பது ஆண்டு ஒளிபரப்பு உரிமைக்காக சுமார் 2,400 கோடி டாலர் தர 2014 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டவை இஎஸ்பிஎன்னின் தாய் நிறுவனமான டிஸ்னியும் டிஎன்டி சேனலின் உரிமையாளர்களும். என்பிஏவில் ஒவ்வொரு அணியும் வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அது லீகின் வருமானத்தைப் பொறுத்தது. புதிய பணம் வந்து விழுந்ததும் 7 கோடி டாலராக இருந்த வரம்பு 2016ல் ஒரே தாவலில் 9.4 கோடியைத் தாண்டியது. படிப்படியாக உயர்த்தலாம் என்று லீக் சொன்ன யோசனையை வீரர்கள் சங்கம் ஏற்கவில்லை. விளைவு: நட்சத்திரங்கள் நிறைந்த வாரியர்ஸ் சிலரை விடுவித்தால் போதும், டுரான்டுக்கு இடம் கிடைத்துவிடும் என்ற நிலை. கதவைத் திறந்தது தொலைக்காட்சிப் பணம். அதன் வழியே நுழைந்தவரைத் திட்டியவர்களில் பலர் அதே தொலைக்காட்சிகளில் சம்பளம் வாங்கியவர்கள். அப்போது டிஎன்டியில் இருந்த பார்க்லியே ஆடிய காலத்தில் பிலடெல்பியாவிலிருந்து ஃபீனிக்ஸுக்கும், அங்கிருந்து நட்சத்திரங்கள் நிறைந்த ஹூஸ்டனுக்கும் கேட்டு வாங்கிக்கொண்டு போனவர்தான். அவருக்குப் பட்டம் கிட்டாமலே போனது.

பத்திரிகைகளின் தீர்ப்பு எவ்வளவு நிலையானது என்பது டுரான்டுக்கு முன்பே தெரியும். 2014 மே 1 அன்று, மெம்பிஸுக்கு எதிரான தொடரில் தண்டர் 2-3 என்று பின்தங்கியிருந்தபோது, 'தி ஓக்லஹோமன்' நாளிதழ் அவரை 'நம்ப முடியாத மனிதர்' என்று கொட்டை எழுத்தில் வருணித்தது. முந்தைய ஆண்டு சூறாவளியில் சிதைந்த ஓக்லஹோமா மக்களுக்காக 10 லட்சம் டாலர் கொடுத்தவர் அவர். அன்றிரவே 36 பாயின்ட்கள் எடுத்து அணியை மீட்டார். பத்திரிகையின் விளையாட்டு ஆசிரியர் வருத்தம் தெரிவித்தார். சில நாட்களில் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது வந்தது. மேடையில் டுரான்ட் தன் தாயைப் பார்த்து உண்மையான சிறந்த வீரர் நீதான் என்று சொல்ல, அமெரிக்காவே கண் கலங்கியது. அதே ஆள் இரண்டு ஆண்டில் கோழையாகிவிட்டார்.

அடி உள்ளே இறங்கியது. 2017 செப்டம்பரில் ட்விட்டரில் ஒரு ரசிகருக்குப் பதில் சொன்னவர், யாரோ மூன்றாம் மனிதர் பேசுவதுபோல, டுரான்டுக்கு அந்த நிர்வாகமும் பயிற்சியாளரும் பிடிக்கவில்லை என்று எழுதிவிட்டார். மாற்றுப் பெயரில் எழுத நினைத்து சொந்தக் கணக்கில் போட்டுவிட்டார் என்று உலகம் சிரித்தது. சிறுபிள்ளைத்தனம் என்று அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்பு கேட்டார். 2019 பிளே-ஆஃப் ஆட்டங்களில் கெண்டைக்கால் காயத்தால் ஒரு மாதம் வெளியே இருந்தபோது, எப்போது திரும்புவார் என்ற கேள்வி அவரைத் துரத்தியது. டொரன்டோவில் ஜூன் 10 அன்று திரும்பினார். 12 நிமிடம் ஆடினார். குதிகால் தசைநார் அறுந்தது. அடுத்த சீஸன் முழுவதும் ஆட முடியவில்லை.

டுரான்டை விமர்சிக்கக் கூடாது என்பதல்ல வாதம். 2017 ஜூலையில் இந்தியா வந்து டெல்லி அருகே சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், ஊர் திரும்பியதும் அறிவிலும் அனுபவத்திலும் இந்தியா 20 ஆண்டு பின்தங்கிய நாடு என்று பேட்டி கொடுத்தார். கண்டனம் எழுந்தது, மன்னிப்பு கேட்டார். அது அவர் பேசிய பேச்சு, அதற்கு அவர்தான் பொறுப்பு. 2021 ஆகஸ்டில் புரூக்ளின் அணியோடு நான்காண்டு நீட்டிப்பில் கையெழுத்திட்டவர், அந்த நீட்டிப்பு தொடங்கும் முன்பே, 2022 ஜூன் 30 அன்று, தன்னை வேறு அணிக்கு மாற்றும்படி கேட்டார். 2023ல் ஃபீனிக்ஸ், 2025ல் ஹூஸ்டன் என்று பயணம் தொடர்ந்தது. கொடுத்த வாக்கைப் பற்றிக் கேட்பதென்றால் 2022ல்தான் கேட்டிருக்க வேண்டும். 2016ல் அவர் ஒப்பந்தத்தைக் கடைசி நாள் வரை முடித்துக் கொடுத்தவர். எந்த வாக்கையும் மீறவில்லை. ஆனால் இன்றுவரை அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கறை 2016ன் கறைதான்.

2018 அக்டோபர் 5. வாரியர்ஸ் அணி ஒரு பயிற்சி ஆட்டத்துக்காக சியாட்டிலின் பழைய அரங்குக்கு வந்தது. பத்தாண்டுகளாக என்பிஏ அணி இல்லாத ஊர். சூப்பர்சானிக்ஸின் அந்தக் கால நாயகன் ஷான் கெம்ப்பின் பனியனை அணிந்துகொண்டு களத்துக்குள் நடந்தார் டுரான்ட். அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது. ஒரே ஒரு சீஸன் ஆடிவிட்டுப் போன பையனை அந்த ஊர் துரோகி என்று நினைக்கவில்லை. விட்டுப் போனது யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.