நகரும் மெட்டுகள்

வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்தவை. ஒன்று சுருதி பிசகினால் மெழுகை இளக்கி, மெட்டை நகர்த்தி, மறுபடி பதிக்க வேண்டும். அது கைதேர்ந்தவர் செய்கிற வேலை. 16, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் கொடிகட்டிப் பறந்த லூட் என்ற தந்தி வாத்தியத்திலோ, இந்தப் பொறுப்பு வாசிப்பவர் தலையிலேயே விழுந்தது. பாதியாக வெட்டிய பேரிக்காய் போன்ற உடல், பின்னால் மடங்கிய தலை, நடுவே அகன்ற கழுத்து. அந்தக் கழுத்தைச் சுற்றி ஆட்டுக்குடல் நரம்பை இறுக்கிக் கட்டினால், அதுதான் மெட்டு. கழுத்தில் இப்படி எட்டிலிருந்து பத்து வரை கட்ட இடமிருக்கும். அதற்கு மேலே வேண்டுமானால் உடலின் முகப்பலகையில் மெல்லிய மரச்சில்லுகளை ஒட்டிக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன் நரம்பு உதவாது. முதல் மெட்டில் அழுத்திய தந்தி இரண்டாவது மெட்டில் உரசினால் கரகரப்பு கிளம்பிவிடும். அதனால் தலைப்பக்கம் தடித்த நரம்பு, உடலை நெருங்க நெருங்க மெல்லியது. டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனின் அரண்மனையில் வாசித்த ஜான் டௌலண்ட் இதற்கு எளிய வழி சொன்னார். அவர் மகன் ராபர்ட் 1610இல் வெளியிட்ட நூலில் அது இருக்கிறது: மெட்டுக்கென்று தனி நரம்பு தேட வேண்டாம், லூட்டின் தந்திகளையே அளவுகோலாகக் கொள்ளுங்கள். முதல் இரண்டு மெட்டுக்குத் தடித்த தந்தி, அடுத்தடுத்த இரண்டிரண்டுக்குப் படிப்படியாக மெல்லியது, ஏழு முதல் ஒன்பது வரை எல்லாவற்றிலும் மெல்லிய மேல்தந்தி.

கட்டுவதில்தான் சூட்சுமம். மெட்டை அது நிற்க வேண்டிய இடத்தில் கட்டுவதில்லை. தலைப்பக்கமாகச் சற்றுத் தள்ளிக் கட்டுகிறார்கள். கழுத்து தலைப்பக்கம் குறுகி உடல் பக்கம் அகன்று போவதால், கட்டியதைக் கீழே தள்ளத் தள்ளத் தானாகவே இறுகிவிடும். முதல் மெட்டுக்கு மட்டும் மேலே ஏற இடமில்லை. அதனால் படுத்துவதும் அதுவே. முடிச்சு பெருவிரலை உறுத்தாமல், கனத்த தந்தி ஓடும் ஓரத்தில் பின்புறமாக ஒதுங்கியிருக்க வேண்டும். மிச்ச நுனிகளைக் கொஞ்சம் விட்டு நறுக்கி நெருப்பில் காட்டினால், முடி பொசுங்கும் நாற்றத்தோடு நுனி சுருங்கி உருண்டுகொள்ளும். அந்த உருண்டைதான் முடிச்சு உருவிக்கொள்ளாமல் காக்கும். நெருப்பு முடிச்சு வரை போய்விட்டால் மறுபடி முதலிலிருந்து.

சரி, எங்கே நிறுத்துவது? கலிலியோவின் தந்தை வின்சென்சோ கலிலி ஒரு லூட் கலைஞர். அவர் சொன்ன கணக்கு: தந்தியின் நீளத்தில் 18இல் ஒரு பங்கில் முதல் மெட்டு, மிச்சத்தில் மறுபடி 18இல் ஒரு பங்கில் அடுத்தது. 60 செ.மீ. தந்தியில் முதல் மெட்டு 3.33 செ.மீ. தள்ளி வரும், இரண்டாவது அதிலிருந்து 3.15 செ.மீ. இப்படி 12 முறை போனால் மேல்ஸ்தாயிக்குரிய பாதித் தூரத்தில், அதாவது 30 செ.மீ.யில், நிற்க வேண்டும். கணக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுகிறது. தந்தியை அழுத்தும்போது அது சற்று இழுபட்டுச் சுருதி ஏறுவதால் காதுக்கு இது பெரிதாகத் தெரிவதில்லை.

ஆனால் இந்தக் கணக்கு தரும் சமமான அரைச்சுரங்களை எல்லாரும் விரும்பவில்லை. மூன்றாம் சுரம் இனிமையாகச் சேர வேண்டும் என்று நினைத்தவர்கள் மீன்டோன் என்ற முறையில் சுருதி சேர்த்தார்கள். அதில் அரைச்சுரம் சிறிது, பெரிது என்று இரண்டு வகை. இங்கேதான் சிக்கல். எஃப் தந்தியில் முதல் மெட்டு எஃப் ஷார்ப் தர வேண்டும், அது சிறிய அரைச்சுரம். பக்கத்து ஏ தந்தியில் அதே மெட்டு பி ஃபிளாட் தர வேண்டும், அது பெரியது. ஒரே நரம்பு இரண்டு இடத்தில் நிற்குமா? சிலர் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தார்கள். சிலர் குறிப்பிட்ட தந்திகளுக்கு அடியில் மட்டும் டாஸ்டினோ என்ற குட்டி மெட்டை ஒட்டினார்கள். கலிலிக்கு அந்த ஒட்டுவேலை பிடிக்கவில்லை.

நரம்பு மெட்டு நிரந்தரமல்ல. தந்தி அழுத்தும் இடங்களில் பள்ளம் விழும், ஈரக்காற்றில் தளரும். 20ஆம் நூற்றாண்டில் லூட்டுக்கு மறுவாழ்வு கொடுத்த தொடக்கக் காலத்தில், கிதார் பழக்கத்தில் உலோக மெட்டு பதித்த லூட்டுகளும் வந்தன. நரம்புத் தந்தியை உலோகம் தேய்த்துவிடும், நகர்த்தவும் வழியில்லை. பழைய வாத்தியங்களையும் நூல்களையும் பார்த்துச் செய்யத் தொடங்கிய பிறகு கட்டும் மெட்டே திரும்பி வந்தது. இன்று நைலான் கட்டுபவர்களும் உண்டு. அது மலிவு, ஈரத்துக்கும் அசையாது. ஆனால் வழுக்கும், முடிச்சும் எளிதில் நிற்காது.