சூட்டு வலி என்று சும்மா இருக்காதீர்கள்!

வெயிலுக்குப் பேர்போன விருதுநகர் மாவட்டத்தில் வயிறு வலித்தால் முதல் பேச்சே "சூடு பிடிச்சிருக்கும்" என்பதுதான். ஒரு வாய் வெந்தயம், மேலே மோர். அப்போதும் கேட்கவில்லை என்றால் சோடா, பேதி மருந்து, தொக்கம் எடுப்பவர் என்று இரண்டு நாள் ஓடிவிடும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பட்டாசு ஆலைகளில் பலருக்குச் செய்த வேலைக்குத்தான் கூலி. தீபாவளி நெருங்கும் நேரத்தில் வயிற்று வலிக்கு யார் லீவு போடுவார்கள்?

பெரும்பாலான வலி தானாக அடங்கிவிடும். அப்படி அடங்காத ஒன்று, குடல் அடைப்பு.

இந்த வலி விட்டுவிட்டு முறுக்கும். முதலில் சாப்பிட்டது வாந்தியாக வரும். பிறகு பித்தம் கலந்து பச்சையாக வரும். வயிறு உப்பும். மலம் போகாது, காற்றும் பிரியாது. "காத்து பிரியுதா?" என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான். கூச்சப்படாமல் சொல்லுங்கள். அடைப்புக்குக் கீழே தங்கிய மலம் ஆரம்பத்தில் ஓரிரு முறை போகலாம். அதை நம்பி ஏமாற வேண்டாம்.

காரணம் பெரும்பாலும் பழைய தழும்பில் இருக்கிறது. சிசேரியன், கர்ப்பப்பை, குடல்வால் என எந்த ஆபரேஷனுக்குப் பிறகும் உள்ளே குடல்கள் ஒட்டிக்கொள்ளலாம்; பல வருடம் கழித்துக்கூட அந்த ஒட்டுதல் குடலை மடக்கிவிடும். அடுத்தது குடலிறக்கம். பண்டல் தூக்கும்போது தொடை இடுக்கில் புடைத்து, படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம், ஒருநாள் உள்ளே போகாமல் கல்லாகி வலித்தால் அது அவசரம். குடல் காசநோயும் புற்றுக்கட்டியும்கூட அடைக்கும்.

அடைப்பு என்றாலே கத்தி என்று பயப்பட வேண்டாம். எக்ஸ்ரேயில் உப்பிய குடலும் படிப்படியான நீர்மட்டக் கோடுகளும் தெரியும். வாய்வழி உணவை நிறுத்தி, மூக்கு வழியே டியூப் போட்டு, குளுக்கோஸ் ஏற்றினால் ஒட்டுதலால் வந்த அடைப்பு பலருக்கு ஓரிரு நாளில் விலகிவிடும். குடல் முறுக்கியோ இறுகியோ ரத்த ஓட்டம் நின்றால் உடனே ஆபரேஷன். சில மணி நேரத்திலேயே அந்தக் குடல் அழுகத் தொடங்கும். எந்த அடைப்பிலும் பேதி மருந்தும் வயிற்றை அமுக்கித் தேய்ப்பதும் ஆபத்து.

மருத்துவக் கல்லூரி என்றால் மதுரையோ திருநெல்வேலியோ என்றிருந்த இந்த மாவட்டத்துக்கு 2022 ஜனவரியில் சொந்தமாகவே அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வலியோடு வாந்தி, உப்புசம், காற்றுப் பிரியாமை சேர்ந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் எதுவும் கொடுக்காமல் 108-ஐ அழையுங்கள். பழைய ஆபரேஷன் சீட்டு பீரோவில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.