பழைய கைப்பேசியும் உயர்தெளிவுப் படமும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் ஆடப்பெறும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் இன்று உயர்தெளிவு வீடியோப் படங்களாகப் பதிவாகின்றன. அவை பழைய கைப்பேசிகளில் தடுமாறுவதும் திறக்கவே மறுப்பதும் எதனால்?

முழு உயர்தெளிவுப் படச்சட்டம் ஒன்றில் 1920 × 1080, அஃதாவது 20,73,600 புள்ளிகள் உள. வினாடிக்கு 30 சட்டங்களெனின் ஆறு கோடிக்கு மேலாகும். 2009 இல் வெளிவந்த ஐபோன் 3ஜிஎஸ் திரையிலோ 1,53,600 புள்ளிகளே. கண் காணவியலாத புள்ளிகளுக்காகவும் கருவி உழைத்தல் வேண்டும்!

இதனினும் பெருந்தடை சுருக்கமுறையே. 2003 இல் வகுக்கப்பெற்ற எச்.264 முறையை விரித்தற்கெனப் பழைய கருவிகள் பலவற்றில் தனிச்சுற்று உண்டு. 2013 இல் வந்த எச்.265 முறையை அச்சுற்று அறியாது. பளு முழுதும் பொதுச் செயலியின்மேல் விழ, அண்ணாவியார் பாட்டு முந்தும், ஆட்டம் பிந்தும், கருவியும் சூடேறும். இதனைப் பழுதென்று எண்ணிக் கருவியை எறிவார் பலர். பதிவு செய்வோர் 640 × 360 அளவில் எச்.264 படியொன்றையும் உடன் வழங்குவரேல், அக்கருவியிலேயே தாளக்கட்டும் ஆட்டமும் பெரும்பாலும் இணைந்தே வரும்.