அஞ்சு, பத்து, பதினஞ்சு... முதலில் கையில், பிறகு வாயில்!

கீழப்பழுவூர்ச் சாலையில் சிமெண்ட் லாரிகளுக்குக் குறைவே இல்லை. அரியலூர் மாவட்டத்துச் சுண்ணாம்புக்கல்லும் அதை நம்பி வந்த ஆலைகளும் இந்தப் பக்கத்துப் பிழைப்போடு கலந்துவிட்டன. ஒரு மூட்டை 50 கிலோ. மூட்டை இறக்குகிறவர் 50, 100, 150 என்று கூட்டிக்கொண்டே போய், இருபதாவது மூட்டையில் ஒரு டன் என்று முடித்துவிடுவார். பெரியவர்களுக்கு இது யோசிக்காமலே வரும் கணக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அப்படியல்ல.

‘அஞ்சு, பத்து, பதினஞ்சு’ என்று ராகம் போட்டு 50 வரை சொல்லும் பிள்ளையிடம், “நாலு பேர் ஆளுக்கு ஒரு கை நீட்டினால் மொத்தம் எத்தனை விரல்?” என்று கேட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் ஒவ்வொரு விரலாகத் தொட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்குவார்கள். அதற்காக அந்தப் பிள்ளையை மக்கு என்று சொல்லிவிடக் கூடாது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஐந்து பொருள் வந்து சேர்கிறது என்பதை யாரும் அதன் கண்ணுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பல்லாங்குழி போதும்

அப்பாயி வீட்டுப் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்குங்கள். இல்லாவிட்டால் வாசல் மண்ணில் இரண்டு வரிசையாக ஏழேழு குழி பறித்தாலும் சரி. குழிக்கு 5 புளியங்கொட்டை. (பச்சை முந்திரிக்கொட்டை மட்டும் வேண்டாம்; அதன் தோட்டு எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும்.)

முதல் குழியில் போட்டதும் ‘அஞ்சு’. இரண்டாவது குழியில் போட்டதும், இரண்டு குழியையும் சேர்த்துக் கையால் வளைத்துக் காட்டி ‘பத்து’. இப்படி வளைத்துக் காட்டுவதுதான் முக்கியம். இல்லையென்றால், பத்து என்பது இரண்டாவது குழியின் பெயர் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும். ஒரு வரிசை முடியும்போது 35, எதிர் வரிசையும் முடிந்தால் 70.

பிறகு ஒரு குழியை வழித்தெடுத்துவிட்டு, “இப்ப எத்தனை தம்பி?” என்று கேளுங்கள். பிள்ளை மறுபடி முதலிலிருந்து எண்ணினால் எண்ணட்டும், அவசரப்படுத்தாதீர்கள். என்றைக்கு 70-லிருந்து நேராக 65-க்கு வருகிறதோ, அன்றைக்குக் கணக்கு பிடிபட்டுவிட்டது.

ஆட்டத்தில் நாலு கொட்டை சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வது வழக்கம். “மூணு பசுவுக்கு எத்தனை? அஞ்சு பசுவுக்கு?” என்று கேட்டால் நாலாம் வாய்ப்பாட்டுக்கும் அங்கேயே அடித்தளம் விழுந்துவிடும்.

1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியின் முறையிலும் இதே வேலைக்கு மணிச்சரம் உண்டு. ஐந்து மணி கோத்த கம்பிகள் ஐந்தைச் சேர்த்த சரத்தைத் தரையில் நீட்டி, ஒவ்வொரு கம்பியின் முடிவிலும் 5, 10, 15, 20, 25 என்று சீட்டு வைக்க வேண்டும். அதையே மடித்து வைத்தால் ஐந்துக்கு ஐந்து சதுரம். பெருக்கலின் வடிவத்தையே குழந்தை தொட்டுப் பார்த்துவிடுகிறது.

எது முதலில்?

இரண்டிரண்டாகத் தொடங்கலாம், செருப்பு, கண், சைக்கிள் சக்கரம் எல்லாம் ஜோடிதானே. அடுத்து பத்து, அதன்பின் ஐந்து. ஐந்தில் கடைசி இலக்கம் 5, 0 என்று மாறி மாறி வருவதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். நாம் முந்திக்கொள்ள வேண்டாம். மூன்றும் நான்கும் பிறகு வரட்டும். 0-விலிருந்து மட்டுமே தொடங்காமல், “35-க்கு அப்புறம்?” என்று நடுவிலிருந்தும், பின்னோக்கியும் கேட்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு தாண்டிய பிள்ளைக்கு, சோழர்களின் சிற்றரசர்களான பழுவேட்டரையர் ஆண்ட இந்த மண்ணிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்க 90 அல்லது 96 ஆடுகள் கொடுத்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் வரும். விளக்குக்கு 96 ஆடு என்றால் மூன்று விளக்குக்கு? நூறு நூறாகத் தாவி 300, அதில் நாலு நாலாக 12 கழித்தால் 288. தாளும் பென்சிலும் வேண்டியதில்லை.

மனப்பாடம் தப்பில்லை

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் எண்சுவடி என்னும் வாய்ப்பாட்டுச் சுவடியை உரக்கச் சொல்லித்தான் மனத்தில் ஏற்றினார்கள். ஆனால் நெல் அளக்கவும் பொன் நிறுக்கவும் நிலம் அளக்கவும் அது அன்றாடம் தேவைப்பட்டது. வாயில் சொன்னதற்குக் கையில் வேலை இருந்தது. தமிழக அரசு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமும் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பாட்டு, விளையாட்டு, பொருள்கள் வழியாகவே கணக்கைக் கொண்டுபோனது. வகுப்பறையில் டீச்சர் செய்வதை வீட்டில் நாமும் தொடர்ந்தால்தான் அது நிலைக்கும்.

அதற்கு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை தப்பாகச் சொன்னால் தலையில் குட்டாமல், “எப்படிச் சாமி எண்ணுன? காட்டு பார்ப்போம்” என்று கேளுங்கள். கொட்டையை அடுக்கிக் காட்டும்போது தன் தவறைத் தானே பார்த்துத் திருத்திக்கொள்ளும். அப்படித் திருத்திப் பழகிய பிள்ளை வாய்ப்பாட்டில் ஏழெட்டு எத்தனை என்பதை மறந்தாலும் திகைத்து நிற்காது; ஏழேழு நாற்பத்தொன்பதோடு இன்னும் ஒரு ஏழைக் கூட்டி 56 என்று சொல்லிவிடும்.