செம்பருத்தியைக் காப்போம்

தோட்டப்புற லயங்களின் வேலியோரத்தில் செம்பருத்தியைக் காணாதவர் இல்லை எனலாம். காலையில் மலர்ந்து மாலையில் வாடும் அம்மலரை அம்மன் பூசைக்குப் பறிப்பது நம் வழக்கம். மலாய் மொழியில் பூங்ஙா ராயா எனப்படும் இதுவே 1960ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. 1970இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகளை இதன் ஐந்து இதழ்களும் குறிப்பதாகக் கொள்கிறோம்.

பேராக் மாநிலத்தில் பல ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. லயத்தை விட்டு ஈப்போ முதலிய நகர்ப்புறங்களுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்கின்றன. பாட்டி நட்ட செடியோ வேலியிலேயே நின்று, நிலம் திருத்தப்படும்போது அழிந்துபோகிறது. அதனைக் காப்பாற்ற ஒரு குச்சி போதும்.

நமது சிவப்புச் செம்பருத்தி விதை பிடிப்பது மிக அரிது. குச்சி நட்டே அதனைப் பெருக்குகிறோம். நல்ல ரப்பர் மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டினால் அம்மரத்தின் குணம் மாறாது வருவதைத் தொழிலாளர் அறிவர். இதுவும் அத்தகையதே, புதிய வீட்டில் பூப்பது பாட்டியின் செடியில் பூத்த அதே பூவாகும்.

இளந்தண்டும் முற்றிய கட்டையும் ஆகா. பென்சில் பருமனுள்ள தண்டைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, 15 சென்டிமீட்டர் நீளத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். நுனியில் இரண்டு இலைகளை விட்டு ஏனையவற்றைக் கிள்ளி, இரண்டு கணுக்கள் மண்ணுள் புதையுமாறு நட்டு, நிழலில் வைத்து, ஈரம் காயாமல் காக்க வேண்டும். ஏறத்தாழ ஆறு வாரங்களில் வேர் பிடித்துவிடும். பின்னர் நல்ல வெயில் படும் இடத்திற்கு மாற்றலாம்.

நீர் தேங்கினால் இலை மஞ்சளாகி உதிரும். ஆதலால் வடிகால் தேவை. புதுத்தளிரில்தான் பூ வருமாதலால், அவ்வப்போது கவாத்துச் செய்வது நன்று. வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி கண்டால் அக்கிளையை வெட்டி அகற்றி, சவர்க்கார நீரால் கழுவ வேண்டும். பூசைக்குப் பறிக்கும் செடிக்கு நச்சு மருந்து தெளித்தல் கூடாது.

பூச்சட்டியின் அடித்தட்டில் நீர் நின்றால் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் அதனைக் கொட்டித் தேய்த்துக் கழுவுதல் நம் கடமை.

லயத்தைப் பூட்டிப் புறப்படுமுன் ஒரு குச்சியை ஈரத்துணியில் சுற்றி உடன் எடுத்துச் செல்வோமாக. தோட்டம் மறைந்தாலும் அதன் மலர் நம் வாசலில் மலரட்டும்.