வீட்டுச் செலவுக்கு ஜாயின்ட் அக்கவுன்ட்: கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு கட்டத்தைப் பாருங்க!

“ஈபி பில் கட்டிட்டியா?”

“நீங்க கட்டியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்!”

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது. வாடகை ஒருவர் கணக்கிலிருந்து போகும். மளிகைக்கு இன்னொருவர் ஜிபே பண்ணுவார். சிலிண்டருக்கு யார் கொடுத்தது என்று மாதக் கடைசியில் இருவருக்குமே நினைவிருக்காது. ‘எல்லாத்தையும் நான்தான் பாக்குறேன்’ என்று சண்டை தொடங்குவதும் இங்கேதான். ‘பேசாம ஒரு ஜாயின்ட் அக்கவுன்ட் ஓப்பன் பண்ணிடலாமே’ என்ற யோசனை வருவதும் இங்கேதான்.

யோசனை நல்லதுதான். ஆனால் எந்த வங்கி, எவ்வளவு வட்டி, மினிமம் பேலன்ஸ் எவ்வளவு என்றெல்லாம் தேடிப் பார்ப்பவர்கள்கூட, விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் ஒரு சின்னக் கட்டத்தைக் கவனிப்பதில்லை. ‘மோட் ஆஃப் ஆபரேஷன்’, அதாவது கணக்கை யார் இயக்கலாம் என்ற கேள்வி. வங்கி ஊழியர் ஏதோ ஒன்றை டிக் செய்வார், இவர்கள் கையெழுத்துப் போடுவார்கள். பின்னால் வரும் பெரும்பாலான சிக்கல்களின் வேர் அந்த டிக்கில் இருக்கிறது.

எதை டிக் செய்வது?

‘ஈதர் ஆர் சர்வைவர்’ என்றால், இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம், போடலாம். ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் தொடரலாம். வீட்டு பில்களுக்கு இதுதான் வசதி. இருவருக்கும் தனித்தனி டெபிட் கார்டு கிடைக்கும், அவரவர் போனில் யுபிஐயும் இயங்கும். ஆனால் யுபிஐ, வங்கியில் பதிவான மொபைல் எண்ணை வைத்தே கணக்கைக் கண்டுபிடிக்கிறது. கணக்கு தொடங்கும்போதே இருவர் எண்ணையும் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஓடிபி ஒருவருக்கு மட்டும் போகும். பேரில்தான் அது ஜாயின்ட் அக்கவுன்ட்டாக இருக்கும்.

‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ பார்க்க அதேபோல இருக்கும், விஷயம் வேறு. முதல் பெயருக்கு உரியவர் மட்டுமே கணக்கை இயக்க முடியும். இரண்டாமவருக்கு அவர் காலத்துக்குப் பிறகுதான் உரிமை. கணவர் பெயர் முதலில் இருந்து, இதில் டிக் விழுந்திருந்தால், மாதாமாதம் பணம் போடும் மனைவியால் அதில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது.

‘ஜாயின்ட்லி’ என்றால் ஒவ்வொரு முறையும் இருவர் கையெழுத்தும் வேண்டும். பாதுகாப்பானது, ஆனால் இத்தகைய கணக்குக்குப் பெரும்பாலான வங்கிகள் ஏடிஎம் கார்டோ யுபிஐயோ தருவதில்லை. பால்காரருக்கு செக்கா கொடுக்க முடியும்?

சம்பளக் கணக்கு அப்படியே இருக்கட்டும்

இருக்கும் சம்பளக் கணக்கில் துணையின் பெயரைச் சேர்ப்பதைவிட, பில்களுக்கென்று மூன்றாவதாக ஒரு கணக்கு தொடங்குவதே நல்லது. அந்த மாதச் செலவுக்கான பணம் மட்டும் அதில் வந்து போக வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். வாடகை 18,000 ரூபாய், மெயின்டனன்ஸ் 2,000, மளிகையும் பாலும் 11,000, கேஸ், வாட்டர் கேன், வைஃபை 2,500. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில் 3,000 என்றால் மாதம் 1,500. மொத்தம் 35,000. ஒருவர் கையில் வாங்குவது 60,000, மற்றவர் 40,000 என்றால், சரிபாதியாகப் பிரித்தால் தலைக்கு 17,500. குறைவாகச் சம்பாதிப்பவருக்குச் சம்பளத்தில் கிட்டத்தட்ட 44 சதவீதம் போய்விடும், மற்றவருக்கு 29 சதவீதம்தான். சம்பள விகிதப்படி போட்டால் 21,000, 14,000. இருவருக்கும் ஒரே 35 சதவீதம். சம்பளம் வந்த மறுநாளே இந்தத் தொகை தானாக மாறும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிட்டால், ‘இந்த மாசம் போட்டியா?’ என்ற கேள்வியே எழாது.

தகராறு வந்தால்?

‘எங்களுக்குள்ள அதெல்லாம் வராதுங்க’ என்பதுதான் எல்லோரும் சொல்வது. ஆனாலும் தெரிந்துகொள்வது நல்லது. ‘ஈதர் ஆர் சர்வைவர்’ கணக்கில் இருக்கும் முழுப் பணத்தையும் ஒருவரே எடுத்தாலும் வங்கி கேள்வி கேட்காது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது அதற்குத் தேவையில்லாத விஷயம். தகராறு என்று ஒருவர் எழுத்தில் கொடுத்தால், பல வங்கிகள் அதன்பிறகு இருவர் கையெழுத்தும் இல்லாமல் பணம் தருவதில்லை. அதற்குள் எடுத்த பணத்துக்கு நீதிமன்றம்தான் போக வேண்டும். ஒருவர் பெயரை மற்றவர் தன்னிச்சையாக நீக்கவும் முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவர் ஆன்லைனில் எதையோ விற்று வாங்கிய பணம் மோசடிப் பணமாக இருந்து, சைபர் கிரைம் போலீஸ் சொல்லி வங்கி கணக்கை முடக்கினால், மாட்டிக்கொள்வது இருவரின் பணமும்தான். எனவே வெளியாட்களிடம் பணம் வாங்க இந்தக் கணக்கின் க்யூஆர் கோடைக் காட்டக் கூடாது. செக் விஷயத்தில் மட்டும் ஓர் ஆறுதல்: ஜாயின்ட் அக்கவுன்ட் செக் பவுன்ஸ் ஆனால், அதில் கையெழுத்துப் போடாதவர் மீது செக் மோசடி வழக்கு நிற்காது என்று 2013-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

‘சர்வைவர்’ என்ற சொல்லையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கணவர் இறந்தால் வங்கி மனைவியிடம் பணத்தைக் கொடுத்துவிடும். அதனால் அத்தனையும் சட்டப்படி அவருக்கே சொந்தமாகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் பங்கில் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய தாயாருக்கும் உரிமை உண்டு. அதிலும் லட்சக்கணக்கில் சேர்த்து வைக்காமல், மாதச் செலவை மட்டும் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையும் சின்னதாகவே இருக்கும். நாமினி பெயரையும் கொடுத்துவிட வேண்டும். இருவருமே இல்லாதபோதுதான் அவருக்கு வேலை.

வாடகையைக் காட்டி ஹெச்ஆர்ஏ சலுகை பெறுபவர்கள், அதாவது பழைய வரி முறையில் இருப்பவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். 18,000 வாடகையை இருவரும் முழுதாகக் காட்ட முடியாது. அவரவர் கொடுத்த பங்கை மட்டுமே காட்டலாம். மாதாமாதம் யார் எவ்வளவு போட்டார் என்பதற்கு ஸ்டேட்மென்ட்டே சாட்சி.

கணக்கே வேண்டாம் என்றால்

இவ்வளவு தலைவலி எதற்கு என்பவர்களுக்கு, 2024-ல் வந்த யுபிஐ சர்க்கிள் இருக்கிறது. ஒருவர் தன் கணக்கிலிருந்து பணம் செலுத்தத் துணைக்கு அனுமதி தரலாம். முழு அனுமதி என்றால் ஒருமுறைக்கு 5,000 ரூபாய், மாதத்துக்கு 15,000 ரூபாய் வரை. மளிகை, காய்கறிக்குப் போதும், வாடகைக்குப் போதாது. கணக்கும் கட்டுப்பாடும் ஒருவர் கையிலேயே இருக்கும் என்பதால், இருவரும் பணம் போடும் வீட்டுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது.

ஏற்கெனவே ஜாயின்ட் அக்கவுன்ட் வைத்திருப்பவர்கள் பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். இயக்கும் முறை பெரும்பாலும் அங்கேயே ‘ஈ ஆர் எஸ்’ என்றோ ‘எஃப் ஆர் எஸ்’ என்றோ சுருக்கமாக இருக்கும். மாற்ற வேண்டுமென்றால் இருவரும் சேர்ந்து கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும்.