சருகு புரட்டும் யாத்திரிகர்கள்

மலைநாட்டுப் புகைவண்டிப் பாதை 1885ஆம் ஆண்டில் நானுஓயாவை எட்டியது. இன்று ரயிலில் நுவரெலியாவுக்கு வருகிறவர்கள் எல்லோரும், கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அந்த நிலையத்தில் இறங்கி, கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தேயிலை மலைகளுக்கிடையே வளைந்து ஏறும் சாலைவழியாகத்தான் நகரத்தை அடைய வேண்டியிருக்கிறது. ஆனால் ஐப்பசி வாக்கில் வந்து, பங்குனி சித்திரைவரை தங்கிப் போகும் ஒருவகை யாத்திரிகர்களுக்கு ரயிலும் வேண்டியதில்லை, சாலையும் வேண்டியதில்லை. இமயமலையின் நடுச் சாரல்களில், இமாசலப் பிரதேசம் தொடங்கி நேபாளம்வரை பரந்து கிடக்கும் காடுகளில் குஞ்சு பொரித்து, குளிர் தலைகாட்டியதும் புறப்பட்டு, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் தெற்கே பறந்து, கடலையும் கடந்து இங்கே வந்து இறங்குகின்றன கருவெள்ளைப் பூங்குருவிகள். தென்னிந்தியாவில் சில தங்கிவிடுகின்றன என்றாலும், பெரும்பாலானவை இலங்கை மலைகளையே பனிக்காலத்து வாசஸ்தலமாகக் கொண்டிருக்கின்றன.

தரையைக் கிளறி மண்புழுவையும் வண்டின் புழுவையும் தின்று வயிறு வளர்க்கும் பட்சிக்கு, மண் இறுகிப்போன இமயச் சாரலில் மார்கழியில் என்ன கிடைக்கும்? அதனால் புறப்படுகிறது என்பது எளிதில் விளங்குகிறது. இரவில் பறக்கும்போது திசை எப்படித் தெரிகிறது என்பதுதான் சாமானியமாக விளங்காத சங்கதி. அமெரிக்காவில் காக்ரன், மௌரிட்சன், விகெல்ஸ்கி என்ற மூன்று விஞ்ஞானிகள், வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த வேறு இனப் பூங்குருவிகளைப் பிடித்து, அவற்றின் உடலில் சிறிய வானொலிக் கருவியைப் பொருத்தி, அந்தி நேரத்தில் அவற்றைச் சுற்றியிருந்த காந்தப் புலத்தைச் செயற்கையாகக் கிழக்கே திருப்பி வைத்து, இருட்டியபின் பறக்கவிட்டு, மோட்டார் வண்டியில் இராமுழுதும் பின்தொடர்ந்தார்கள். அவை வடக்கே போகாமல் மேற்கே போயின. அடுத்தடுத்த இரவுகளில், யாருடைய குறுக்கீடும் இல்லாமல் அஸ்தமனத்தைக் கண்டபின், பழையபடி வடக்கே திரும்பின. 2004இல் வெளியான இந்தப் பரிசோதனையின் முடிவு, பூங்குருவி தன் உடலுக்குள் இருக்கும் காந்த ஊசியை ஒவ்வொரு நாளும் அந்திவானத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்கிறது என்பதே. நம் ஊர் விருந்தாளிக்கும் இதே வித்தைதான் என்று யாரும் பரிசோதித்துச் சொல்லவில்லையாயினும், உறவு முறை நெருக்கமானது.

இனி, இதை எப்படி அடையாளம் காண்பது என்று பார்ப்போம். ஆண்பறவை விஷயத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை: மைனாவினும் ஒரு மயிரிழை சிறிய உடல், தலையும் மேல்மார்பும் முதுகும் கருமை, கண்ணுக்கு மேலே பிடரிவரை தீட்டிவிட்டாற்போல் ஒரு வெண்புருவம், இறக்கையில் வெள்ளைப் பட்டைகள், வெள்ளை வயிற்றின் இரு விலாவிலும் கறுப்புப் பிறைகள், இவற்றுக்கெல்லாம் நடுவே மஞ்சள் அலகு. பெண்பறவைதான் பார்க்கிறவனைச் சோதிக்கும். கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் பசுமை கலந்த பழுப்பும், வெள்ளை இருக்கவேண்டிய இடத்தில் மங்கிய சந்தன நிறமுமாக, சருகுக்கு மத்தியில் சருகாகவே அது நிற்கும். அப்போதும் அந்தப் புருவமும், இறக்கையில் வரிசையாக அமைந்த வெளிர் புள்ளிகளும் கைகொடுக்கும். அதுவும் புலப்படாமல் பறந்து எழுந்துவிட்டால், இறக்கையின் அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையும் கருமையுமாக அங்கே மின்னும் அகலமான பட்டை, இந்த இனத்துக்கும் இதன் நெருங்கிய பந்துக்களுக்கும் உரிய இலட்சணம்.

என் அபிப்பிராயத்தில், வர்ணத்தைவிட நடை நம்பத்தக்கது. பூங்குருவி தரையில் நாலு தாவல் தாவும், கல்லாய்ச் சமைந்து நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். பிறகு அலகால் ஓர் இலையைக் கவ்விப் பக்கத்தில் எறிந்துவிட்டு, அடியிலிருந்த புழுவை இழுக்கும். இந்த நடையைக் கற்றுக்கொள்ள இமயத்திலிருந்து எதுவும் வரவேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆண்டு முழுவதும் நுவரெலியாத் தோட்டங்களிலும் புல்வெளிகளிலும் திரியும் கரும்பூங்குருவி, ஆரஞ்சு அலகும் அதே நிறத்தில் கண்வளையமுமாக, தயக்கமில்லாமல் முன்னால் வந்து பாடம் நடத்தும். அதனோடு நன்றாகப் பரிச்சயம் செய்துகொண்டவனுக்கு, வந்தவர் யார், வீட்டுக்காரர் யார் என்பது கண்ணுக்குத் தானாகவே பிடிபடும்.

இப்பட்சியைத் தேடி உலகெங்கிலுமிருந்து வருகிறவர்கள் போய் நிற்கும் இடம், விக்டோரியா மகாராணியின் வைரவிழா நினைவாக 1897இல் பெயர் பெற்ற நகரப் பூங்கா. அங்கே வெட்டிவிட்ட புல்தரையும், வரிசை பிடித்த பூப்பாத்திகளும் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கின்றன. ஆனால் பூங்குருவிக்கு அவற்றால் சல்லிக்காசு பிரயோசனமில்லை. பூங்காவின் பின்புறத்தில், நகரத்து அழுக்கையும் பிளாஸ்டிக் பைகளையும் சுமந்துகொண்டு ஒரு சிற்றோடை போகிறது. அதன் கரையில், வெயில் நுழையாத புதரும் அழுகிய சருகும் மண்டிக் கிடக்கின்றன. அந்த இடத்தில்தான், மாலை ஐந்தரை மணிக்குமேல், வெளிச்சம் மங்கத் தொடங்கும்போது, பூங்குருவி வெளியே வரும். ஒருமுறை அங்கே நான் ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றதைக் கண்டு, துடைப்பமும் கையுமாக வந்த பெரியவர் ஒருவர் மனம் பொறுக்காமல், “ஐயா, அங்கிட்டுப் பூவெல்லாம் நல்லா பூத்துக் கெடக்குதுங்க, இந்த நாத்தத்துல நின்னு என்னாத்தப் பாக்குறீங்க?” என்றார். குருவி பார்க்கிறேன் என்றதும், “அட, அந்தக் கறுப்பு வெள்ளையா? நான் கூட்ட வந்தா ஓடிருமுங்க, கூட்டாம விட்ட எடத்துலதான் மேயும்” என்று, புத்தகங்கள் பல பக்கத்தில் சொல்வதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

ஓடை நாறத்தான் வேண்டும் என்பது இதற்கு அர்த்தமல்ல. குப்பை வேறு, சருகு வேறு. முன்னதை அகற்றுகிறோம் என்று பின்னதையும் சேர்த்துக் கூட்டியெடுத்து நெருப்பு வைப்பது நம் நாட்டுப் பூங்காக்களில் வழக்கமாகிவிட்டது. அதே புதரோரத்தில், காஷ்மீரத்திலிருந்து வரும் செங்கழுத்து ஈப்பிடிப்பானையும், ஆறுமணிக்குருவியையும் காண்பது உண்டு என்பதால், அந்த நாலு முழ இடம் பூங்காவின் மற்றெல்லா இடத்தையும்விட விலைமதிப்புள்ளது என்று சொன்னால் மிகையாகாது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மார்பில் புள்ளியோ செதிலோ கண்ட மாத்திரத்தில் அதை இமயத்து விருந்தாளி என்று முடிவு கட்டிவிடலாகாது. இத்தீவுக்கே உரிய பூங்குருவிகளும் இம்மலைகளில் உண்டு. உடல் முழுவதும் பிறைப் பிறையாகச் செதில் படர்ந்து, கனத்த அலகோடு இருந்தால் அது செதிற்பூங்குருவி. இறக்கையில் இரண்டு வரிசை வெண்புள்ளிகளும், கன்னத்தில் செங்குத்தான இரண்டு கறுப்புக் கோடுகளும் இருந்தால் அது புள்ளியிறக்கைப் பூங்குருவி. இவற்றில் எதற்கும் அந்த நீண்ட வெண்புருவம் கிடையாது. தலை செம்மஞ்சளாக இருந்தால் மட்டும் உடனே நண்பர்களுக்குச் சொல்லி அனுப்பலாம். செந்தலைப் பூங்குருவி இலங்கைக்கு மிக அபூர்வமாகவே வருகிறது. மலைநாட்டுத் தோட்டமொன்றில் பிறந்து, பறவைகளைத் தாமே வரைந்து, 1955இல் இலங்கைப் பறவைகளுக்கு ஒரு கைந்நூலை வெளியிட்ட ஜி. எம். ஹென்றியின் சித்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடுவது இன்றைக்கும் நல்ல பயிற்சி.

நகரத்துக்குப் போக ஒழியாதவர்கள், கொழுந்து மலைகளுக்கிடையே தேயிலை நடாமல் விட்ட ஓடைப் பள்ளங்களையும், லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணீர் வழிந்தோடும் புதர்க்கரையையும் அந்தியில் கவனித்துப் பார்க்கலாம். வெளிர் நிறச் சட்டை வேண்டாம். பைனாகுலரை முன்கூட்டியே கழுத்தில் மாட்டிக்கொண்டு, புதருக்குள் நுழையாமல், வெளியே ஓரிடத்தில் அமர்ந்துவிடுவது உத்தமம். இன்னும் ஆவலுள்ளவர்களுக்கு, சின்கோனா பயிரிடுவதற்காக 1861இல் தொடங்கப்பட்ட ஹக்கல தாவரவியல் தோட்டம் இருக்கிறது. அதற்கும் அப்பால், இத்தீவுக்கே உரியதும் அருகிவருவதுமான சீழ்க்கைப் பூங்குருவியைக் காண விரும்புகிறவர்கள், ஹோர்ட்டன் சமவெளிச் சாலையோரத்து அரெங்கா குளத்துக்குப் பொழுது புலரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். வெயில் ஏறி, வண்டிகள் வரத் தொடங்கிவிட்டால், அது காட்டுக்குள் போய்விடும்.